நந்தி மலை வைன் எவ்வளவு பசுமை?

தண்ணீர், காடு, விவசாயி: தோட்டத்தை எடைபோட மூன்று கணக்குகள்

பெங்களூருவின் பொம்மனஹள்ளி, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கத்து இளைஞர்களிடையே வார இறுதியில் ‘வைன் டூர்’ போவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஊரின் நெரிசலைத் தாண்டினால், வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் க்ரோவர் ஜாம்பா வைன் தோட்டம் இருக்கிறது. மைசூரு சாலையில் சன்னபட்டணா அருகே டொமைன் சுலா இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், பீப்பாய் அறைக்குள் போகலாம், சுவைத்தும் பார்க்கலாம். உலகெங்கும் இத்தகைய தோட்டங்கள் இன்று தங்களை ‘சூழலுக்கு இசைவானவை’, ‘இயற்கையைக் காப்பவை’, ‘ஊரோடு சேர்ந்து வளர்பவை’ என்று சொல்லிக்கொள்கின்றன. பெங்களூருவைச் சுற்றியுள்ள வறண்ட மேட்டுநிலத்தில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

திராட்சை இங்கே வந்த கதை

பெங்களூரு நகரம், பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரங்களின் பழைய திராட்சை ‘பெங்களூர் புளூ’. கருநீலத் தோலும் தனி மணமும் கொண்ட இதைப் பந்தலில் படரவிடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. சாப்பிடவும், சாறு பிழியவும், மலிவான இனிப்பு வைன் செய்யவும் இதுதான் பயன்பட்டது.

க்ரோவர் தோட்டத்தை நிறுவிய கன்வல் க்ரோவர் 1988இல் தொட்டபள்ளாப்பூர் பக்கம் பிரெஞ்சு ரகங்களை நட்டபோது கதை மாறியது. பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் குறையாத அந்த நிலம் வைன் திராட்சைக்கு ஒத்துவந்தது. 2007இல் கர்நாடக அரசு திராட்சை பதப்படுத்தலுக்கும் வைனுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. வைன் வாரியமும் அமைந்தது. தோட்டங்களும் சுற்றுலாவும் பெருகின.

முதல் கணக்கு: தண்ணீர்

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கிவிடும். நம் வெப்பநிலத்தில் அது உறங்குவதில்லை. அதனால் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: கோடையில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவது கவாத்துக்குப் பின் பூத்துக் காய்த்து, பிப்ரவரி, மார்ச்சில் வைன் திராட்சை அறுவடைக்கு வரும். பழம் திரளும் மாதங்கள் வறண்ட மாதங்கள் என்பதே இதன் பொருள். 125 மில்லிலிட்டர் வைனுக்குச் சுமார் 110 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகச் சராசரி. அதில் பெரும்பகுதி வேரில் இறங்கும் மழைநீர். இங்கோ வானம் பொய்க்கும் பருவத்தில் ஆழ்துளைக் கிணறுதான் கொடியைக் காக்கிறது.

அந்தக் கிணறுகளின் நிலை மோசம். கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரகம் ஆகிய மாவட்டங்களில், ஆண்டுதோறும் ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம். ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் புழுதி மட்டுமே வருவது இங்கே புதிதல்ல. தென்பெண்ணை, பாலாறு, அர்க்காவதி, சித்ராவதி ஆகிய ஆறுகள் நந்தி மலையிலும் அதையொட்டிய குன்றுகளிலும் பிறப்பவை. மேட்டில் நிலத்தடி நீர் வற்றினால் கீழே தமிழ்நாட்டு வயலும் அதை உணரும்.

இதில் பொம்மனஹள்ளிக்கும் பங்கு உண்டு. இப்பகுதியின் கழிவுநீர் மடிவாளா, அகரா ஏரிகள் வழியாகப் பெல்லந்தூரை நோக்கிப் போகும் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சேர்கிறது. அங்கே சுத்திகரித்த நீரை 2018 முதல் குழாய் வழியே கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கின் நீர் இதேபோலச் சிக்கபள்ளாப்பூர் பக்கம் போகிறது. ஏரி நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறுகிறது. ஆனால் அந்த நீருக்கு இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று உள்ளூர் நீர் இயக்கங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நகரத்துக் குளியலறையில் கொட்டும் ரசாயனம் கோலார் திராட்சையின் வேரை எட்டாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சொட்டுநீர்ப் பாசனம், மண்ணை மூடி வைக்கும் மூடாக்கு, பண்ணைக்குட்டை ஆகியவை தோட்டத்துக்குள் செய்யக்கூடியவை. ஆலைக்குள்ளும் தண்ணீர் செலவு உண்டு. தொட்டி, குழாய், பீப்பாய் என்று கழுவியே ஒரு லிட்டர் வைனுக்குப் பல லிட்டர் போகும். சர்க்கரையும் அமிலமும் கலந்த அந்தக் கழிவைச் சுத்திகரித்துக் கொடிகளுக்கே திருப்புவது நல்ல ஆலையின் அடையாளம். பிழிந்த சக்கையும் உரக்குழிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் கணக்கு: மண்ணும் காடும்

அக்டோபரில் எதிர்பாராமல் மழை பெய்தால் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். 1880களில் பிரான்ஸின் போர்டோ பகுதியில் பிறந்த மருந்து இது. இயற்கை விவசாயத்திலும் வரம்புக்குட்பட்டு அனுமதி உண்டு. ஆனால் அதிலுள்ள செம்பு மட்கிப் போவதில்லை, ஆண்டுக்காண்டு மண்ணில் சேரும். ‘ஆர்கானிக்’ முத்திரை இருப்பதால் மட்டும் மண் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

காட்டுக்கு வருவோம். நந்தி மலை வார இறுதிக் கூட்டத்துக்கு மட்டும் பேர்போனதல்ல. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மஞ்சள்தொண்டைச் சின்னானைக் காணப் பறவை ஆர்வலர்கள் தேடி வரும் இடம் அது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளின் புதர்க்காட்டில் மட்டும் வாழும் பறவை. கல்குவாரி, ரிசார்ட், மனைப்பிரிவு எல்லாம் குன்றடியை நெருக்கும்போது, தோட்டத்தின் வேலியோரப் புதரும் ஓடைக்கரை மரமும்கூட உயிர்களுக்கு வழித்தடமாகும்.

இதை ஒரு நாடே திட்டமாக்கிய சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டு வைன் தோட்டங்களில் மிகப் பெரும்பான்மை, வேறெங்கும் இல்லாத தாவரங்கள் நிறைந்த கேப் பகுதியில் அமைந்தவை. தோட்டங்கள் விரிய விரிய அந்தப் புதர்நிலம் சுருங்கியது. 2004இல் வைன் துறையும் இயற்கைப் பாதுகாப்பாளர்களும் சேர்ந்து ‘உயிர்ப்பன்மையும் வைனும்’ என்ற முயற்சியைத் தொடங்கினர். உறுப்பினர்கள் தம் நிலத்தில் ஒரு பகுதியை உழாமல், நடாமல் இயற்கைக்கு விட வேண்டியிருந்தது. இப்படி விட்ட நிலம் சில ஆண்டுகளிலேயே நாட்டின் திராட்சைப் பரப்பைத் தாண்டியது. நந்திச் சரிவுக்கும் இது பொருந்தும். அதற்குத் தோட்டக்காரர்கள் ஒன்றுகூட வேண்டும்.

மூன்றாம் கணக்கு: விவசாயி

பெங்களூர் புளூ பயிரிட்டவருக்குப் பழக்கடை, சாறு ஆலை, வைன் ஆலை என்று மூன்று வாசல்கள். ஷிராஸ், கேபர்னே போன்ற ரகங்களை நட்டவருக்கு வாசல் ஒன்றுதான். சிறு பழம், தடித்த தோல், நிறைய விதை; சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். நட்டு முதல் அறுவடை காண மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆலை கைவிட்டால் விவசாயி நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே ‘ஊரோடு கூட்டு’ என்பது பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதல்ல. பல ஆண்டுகளுக்கான எழுத்து ஒப்பந்தம். சர்க்கரை அளவுக்கு ஏற்ற விலையும், மழையில் பழம் கெட்டால் இழப்பை யார் ஏற்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். கவாத்துக்கும் அறுவடைக்கும் வரும் கூலிப் பெண்களுக்கு நியாயமான கூலி, மருந்து தெளிக்கும்போது பாதுகாப்பு ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

தொழிலாளருக்குத் தோட்டத்தில் பங்கு கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் தென்னாப்பிரிக்கா காட்டியது. பிரான்ஷுக் பள்ளத்தாக்கின் சோல்ம்ஸ்–டெல்டா தோட்டத்தில் தொழிலாளர் அறக்கட்டளைக்கு மூன்றில் ஒரு பங்கு தரப்பட்டது. உலகமே பாராட்டிய அந்தத் தோட்டம் 2010களின் இறுதியில் கடன் நெருக்கடியில் சிக்கியது. வியாபாரம் நிலைக்காத இடத்தில் பங்குக்கு மதிப்பில்லை.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

ஆர்கானிக் சான்று தோட்டத்தில் தெளிக்கும் ரசாயனத்தைப் பற்றியது. கிணற்றின் ஆழத்தையோ கூலியையோ சொல்லாது. 2019இல் ஸ்பெயினின் டோரஸும் அமெரிக்காவின் ஜாக்சன் குடும்ப நிறுவனமும் தொடங்கிய, காலநிலைக்கான பன்னாட்டு வைன் ஆலைக் கூட்டமைப்பு, உறுப்பினர்கள் தம் கரியுமிழ்வைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது. நம் நாட்டின் சுலா அதில் சேர்ந்திருக்கிறது. வைனின் கரிச்சுமையில் பெரும்பங்கு கண்ணாடிப் பாட்டிலுடையது என்பதால், கனம் குறைந்த பாட்டிலும், காலி பாட்டில் காயலான் கடை வழியே மறுபடி உலைக்குப் போவதும் முக்கியம்.

‘பசுமை’ என்ற சொல் மதுவை உடம்புக்கு நல்லதாக்கிவிடாது. பாதுகாப்பான மது அளவென்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம்தான். நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது.

அடுத்த முறை தோட்டம் சுற்றிப் பார்க்கப் போனால், வழிகாட்டியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழுவிய நீர் எங்கே போகிறது? எவ்வளவு நிலத்தை இயற்கைக்கு விட்டிருக்கிறீர்கள்? பழம் தரும் விவசாயியோடு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? நான்குக்கும் எண்ணோடு பதில் சொல்லும் தோட்டத்தை நம்பலாம். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், மற்ற மூன்றும் விளம்பரம்தான்.