கம்பி யார் கையில்?

2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று ஊரறிய நடந்தது. தீபாவளிக்கு, நவம்பர் 6-ஆம் தேதி வெளியான ‘சர்கார்’ படத்தில், அரசு கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் மக்கள் நெருப்பில் தூக்கி எறியும் காட்சி வந்தது. வில்லிக்குக் கோமளவல்லி என்று பெயர், அது ஜெயலலிதாவைக் குறிப்பதாக எதிர்ப்பு எழுந்தது. ஆளும் அ.தி.மு.க.வினர் தியேட்டர்களை முற்றுகையிட்டார்கள், பேனர்களைக் கிழித்தார்கள். இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். தணிக்கைச் சான்றிதழ் வாங்கி ஓடிக்கொண்டிருந்த படத்தில் மறுபடியும் கத்தரி விழுந்தது. ஒரு வாரம் டீக்கடையிலும் பேருந்திலும் இதே பேச்சு.

இன்னொன்று அதே ஆண்டு ஜூன் மாதம் நடந்தது. கோவையில் புதிய தலைமுறை தொலைக்காட்சி வட்டமேசை விவாதம் ஒன்றை நடத்தியது. இயக்குநர் அமீர் பேசும்போது எதிர்ப்பு கிளம்பி, கூச்சலும் குழப்பமுமாயிற்று. காவல்துறை, நிகழ்ச்சியை நடத்திய சேனல் மீதே வழக்குப் போட்டது. அதையொட்டிய நாள்களில், மாநில அரசின் நிறுவனமான அரசு கேபிளின் சேனல் வரிசையில் புதிய தலைமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. பத்திரிகையாளர் சங்கங்கள் கண்டித்தன. எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. டீக்கடையில் யாரும் பேசவில்லை. ரிமோட்டை எடுத்தவர்கள் வழக்கமான எண்ணில் அந்தச் சேனல் இல்லாததைக் கண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவதுதான் பெரிய அநியாயம் என்று நான் கருதுகிறேன். படத்தில் ஒரு காட்சியை வெட்டினால் வெட்டியது எல்லோருக்கும் தெரிகிறது. வெட்டியவருக்குக் கெட்ட பெயர், படத்துக்கு விளம்பரம். 2013-இல் ‘விஸ்வரூப’த்துக்கு நடந்தது அதுதான். தடுக்கப்பட்ட படத்தைப் பார்க்க ஜனங்கள் இன்னும் ஆர்வமாக வந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் கம்பியில் ஒரு சேனலை ஒளித்து வைத்தால், ஒளித்தது பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. தேர்தல் அரசியலும் பொழுதுபோக்கும் கலந்துவிட்டதாக வருத்தப்படுகிறவர்கள் எப்போதும் திரையில் என்ன ஓடுகிறது என்றே பார்க்கிறார்கள். அது வீடு வந்து சேரும் வழி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

இந்தக் கதை தொடங்கியது 14 ஏப்ரல் 1993-இல், தமிழ்ப் புத்தாண்டன்று. தி.மு.க. தலைவர் கருணாநிதியின் உறவினர் கலாநிதி மாறனின் சன் டிவி அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை தமிழில் தூர்தர்ஷன் மட்டுமே. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிறு மாலை ஒரு படம், டெல்லி சொல்வதைச் சொல்லும் செய்தி. சன் டிவி வந்தபோது தமிழனுக்குத் தன் மொழியில் புதிய பொழுதுபோக்கு கிடைத்தது. அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதோடு இன்னொன்றும் வந்தது. 1996 தேர்தலில் ஜெயலலிதா ஆட்சிக்கு எதிராக ரஜினிகாந்த் பேசியதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது சன் டிவிதான். கூட்டம் கூட்டி, மைக் கட்டி, சுவரொட்டி ஒட்டிச் செய்த பிரசாரத்தை ஒரு சேனல் கூடத்துக்குள் உட்கார்ந்து செய்ய முடியும் என்று கட்சிகள் அப்போது புரிந்துகொண்டன.

அந்தச் சேனலின் மாலை நிரலை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்குச் செய்தி. அதற்கு முன்னும் தொடர், பின்னும் தொடர். ராதிகாவின் ‘சித்தி’ ஓடிய காலத்தில், பிறகு ‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில், வீட்டுப் பெண்கள் செய்திக்காக டிவியைப் போட்டதில்லை. தொடருக்காகப் போட்ட டிவியில் செய்தியும் வந்தது. “சன் நியூஸ்ல சொன்னாங்க” என்ற ஒரு வாக்கியம் தெருவில் சான்றாக நின்றது. தொடரின் கதையில் அரசியல் இருக்கவேண்டிய தேவையே இல்லை. அது கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது. சேர்ந்த கூட்டத்துக்கு முன்னால் செய்தி பேசியது. ‘சர்கார்’ காட்சியைப்போல் எதிர்ப்புக் காட்டுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

30 ஜூன் 2001 அதிகாலையில் இதன் முழு வீச்சும் தெரிந்தது. நள்ளிரவு தாண்டிய பிறகு கருணாநிதி வீட்டில் கைது செய்யப்பட்டார். 77 வயது முதியவரைப் போலீஸார் இழுத்துச் செல்லும் காட்சியும் அவருடைய அலறலும் சன் டிவியில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடின. மத்திய அமைச்சர்களான முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் கைதானார்கள். அ.தி.மு.க. சார்பு ஜெயா டிவி வேறு காட்சிகளைக் காட்டி, போலீஸார்தான் தாக்கப்பட்டார்கள் என்றது. ஒரே இரவுக்கு இரண்டு படங்கள். எந்தப் படத்தை நம்புவது என்பதை அந்த வீட்டின் கட்சி முடிவு செய்தது. இரண்டையும் பார்த்து ஒப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சேனல்களைப் பற்றி நாம் பேசுகிறோம். சென்னை உள்ளிட்ட நகரங்களில் கேபிளைக் கையில் வைத்திருந்த சுமங்கலி கேபிள் விஷன் பற்றி அவ்வளவு பேசியதில்லை. அதுவும் சன் குழுமத்தினுடையது. அனலாக் காலத்தில் கேபிள்காரர்களிடம் ‘பிரைம் பேண்ட்’ என்ற சொல் புழங்கியது. பழைய டிவிப் பெட்டிகளில் தெளிவாகத் தெரியும் சேனல்கள் சிலவே. அந்த வரிசைக்குள் இடம் கிடைத்தால் வாழ்வு. வெளியே தள்ளினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. தங்களுக்கு நல்ல இடம் மறுக்கப்படுகிறது என்று போட்டிச் சேனல்களும் எதிர்க்கட்சிகளும் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். 2006 தேர்தலுக்குச் சற்று முன், கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவை ஜெயலலிதா அரசு சட்டப்பேரவையில் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை, அதற்குள் ஆட்சி மாறிவிட்டது.

மாறி வந்த தி.மு.க. ஆட்சியின் தேர்தல் வாக்குறுதி இலவச வண்ணத் தொலைக்காட்சி. 15 செப்டம்பர் 2006-இல், அண்ணா பிறந்த நாளில் தொடங்கி, அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. குடிசையில் இருந்த ஒரு கிழவி தன் வீட்டிலேயே படம் பார்க்க முடிந்ததை நான் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்த குழந்தைகளுக்கு அது கௌரவமும்கூட. அந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5 ஜூலை 2013-இல், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. வாக்குறுதிகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. வாதம் பெட்டியைச் சுற்றியே நடந்தது. பெட்டிக்கு ஒருமுறைதான் செலவு, கம்பிக்கு மாதாமாதம் காசு. அந்தக் காசு யாருக்குப் போகிறது, அந்தக் கம்பியில் எது வருகிறது என்பதை அப்போது உரக்கக் கேட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமே. அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். (‘சர்கார்’ படத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் நெருப்பில் விழுந்தன, வண்ணத் தொலைக்காட்சி விழவில்லை என்று அன்றே பலர் சுட்டிக்காட்டினார்கள். படத்தைத் தயாரித்தது சன் பிக்சர்ஸ்.)

அதற்கு முன் 9 மே 2007. கருணாநிதிக்கு யார் அரசியல் வாரிசு என்ற கருத்துக்கணிப்பைச் சன் குழுமத்தின் தினகரன் வெளியிட்டது. மதுரையில் அந்த நாளிதழின் அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. மூன்று ஊழியர்கள் செத்தார்கள். அரசியலும் ஊடகமும் ஒரே குடும்பத்துக்குள் இருந்ததால் வந்த விளைவு இது. செத்தவர்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல்தான் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்.

அதையொட்டிக் கருணாநிதி குடும்பத்துக்கும் மாறன் குடும்பத்துக்கும் மூண்ட சண்டையின் மிச்சமாக வந்தவை இரண்டு. ஒன்று, 15 செப்டம்பர் 2007-இல் தொடங்கிய கலைஞர் டிவி. மற்றொன்று, அதே ஆண்டு பதிவான தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம். குடும்பத்துக்குள் பிளவு வந்தபோது அரசுக்குக் கேபிள் தேவைப்பட்டது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் ஒரு மூலையில் கிடந்தது. மக்கள் பணத்தில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு குடும்பத்தின் மன வருத்தமும் மன மகிழ்ச்சியும் முடிவு செய்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2 செப்டம்பர் 2011-இல் ஜெயலலிதா அரசு அதைத் தூசி தட்டி எடுத்தது. மாதம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் கழகத்துக்கு, மீதி கேபிள்காரருக்கு. ஏழை வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. தனியார் ஏகபோகம் உடைந்தது என்று நானும் வரவேற்றேன். ஆனால் ஏகபோகம் கை மாறியதே தவிர உடையவில்லை. முன்பு ஒரு கட்சியின் உறவினர் கையில் இருந்த கம்பி, இப்போது ஆளும் கட்சியின் கையில் வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அதன் கைக்கு வரும். 2018-இல் புதிய தலைமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டபோது இருந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2025 அக்டோபரில், கரூர் நெரிசல் சாவுகளைப் பற்றிய செய்திகள் சூடாக இருந்த நேரத்தில், அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று புகார் எழுந்தபோது இருந்தது தி.மு.க. ஆட்சி. முதல்முறை கண்டித்தவர்கள் இரண்டாம் முறை ஆட்சியில் இருந்தார்கள். முதல்முறை ஆட்சியில் இருந்தவர்கள் இரண்டாம் முறை கண்டித்தார்கள்.

சரி, சேனலைக் கையில் வைத்திருந்தால் தேர்தலில் ஜெயிக்க முடியுமா? முடியாது. 2011-ஐவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நகைச்சுவை நடிகர் வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய் தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்தைத் திட்டினார். சன் டிவியும் கலைஞர் டிவியும் விடாமல் காட்டின. வந்த கூட்டம் உண்மை, சிரித்த சிரிப்பும் உண்மை. விஜயகாந்த் தன் வேட்பாளரையே பிரசார வேனில் அடிப்பதுபோன்ற காட்சி எத்தனை முறை ஓடியது என்று எண்ண முடியாது. முடிவு வந்தபோது தி.மு.க.வுக்கு 23 இடங்கள், தே.மு.தி.க.வுக்கு 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலு சில ஆண்டுகள் சினிமாவில் தலைகாட்ட முடியாமல் போனார். ஜனங்கள் அவருக்குச் சிரித்துவிட்டு, ஓட்டைத் தங்கள் விருப்பப்படி போட்டார்கள். அவர்களை மந்தையாக நினைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கம்பி யார் கையில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். தேர்தல் நாள் ஒன்றுதான். மீதி ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு ஊரில் தண்ணீர் வரவில்லை, ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்தது, காவல் நிலையத்தில் ஒருவர் செத்தார் என்ற செய்தி கேமரா முன் வருமா வராதா என்பது அந்த ஐந்து ஆண்டுகளில் தீர்மானமாகிறது. ஆளும் கட்சியை உறுத்தும் கேள்வியைக் கேட்டால் அடுத்த நாள் சேனல் எண் மாறலாம் என்ற பயம் ஒரு ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டால், அதன் பிறகு யாரும் எதையும் வெட்டவேண்டியதில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே அடங்கிவிடும்.

நம் தேர்தல் சட்டம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேபிள் விதிகள் அரசியல் விளம்பரத்தைத் தடை செய்திருந்தன. 13 ஏப்ரல் 2004-இல் உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே சான்று பெற்றால் விளம்பரம் செய்யலாம் என்று வழி திறந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. கருத்துக்கணிப்புக்குக் கட்டுப்பாடு. இவையெல்லாம் விளம்பரத்தைப் பிடிக்கும் வலைகள். கட்சியே சேனல் நடத்தினால் அங்கே விளம்பரமே தேவையில்லை, அந்த வலையில் எதுவும் சிக்காது. தேர்தல் நேரத்தில் தூர்தர்ஷன் வேட்பாளராக நிற்கும் நடிகரின் படத்தைப் போடாது, தனியார் சேனலுக்கு அந்தக் கட்டு கிடையாது. அந்தத் தூர்தர்ஷனே 5 ஏப்ரல் 2024-இல், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், கேரள முதல்வர் பினராயி விஜயன் எதிர்த்தும் ‘தி கேரளா ஸ்டோரி’யை ஒளிபரப்பியது. 2019 மக்களவைத் தேர்தலுக்கு, பா.ஜ.க. ஆதரவில், நமோ டிவி என்று ஒன்று டிடிஎச் பெட்டிகளில் முளைத்தது, தேர்தல் முடிந்ததும் காணாமல் போனது. டெல்லியும் இந்த வித்தையை நன்றாகவே கற்றிருக்கிறது.

இப்போது எல்லாம் யூடியூப், இனி கேபிள் எதற்கு என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் விகடன் இணையதளத்தை நினைவூட்டுவேன். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக அந்தத் தளம் முழுதும் மத்திய அரசால் முடக்கப்பட்டது. சித்திரத்தை எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் சொன்ன பிறகே திரும்ப வந்தது. நூறாண்டை எட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலை. கம்பி மாறியிருக்கிறது, கையும் சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. அரசு கேபிள் பாக்ஸை நம்பியிருக்கும் வீடுகளில் மாலையில் டிவியைப் போடுகிற பெரியவர்கள் யூடியூபுக்கு இன்னும் போகவில்லை.

9 பிப்ரவரி 1995-இல் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச் சொத்து என்றும் அதை அரசு தன் ஏகபோகமாக வைத்திருக்கக் கூடாது என்றும் தீர்ப்புச் சொன்னது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று 2008-இலும் 2012-இலும் பரிந்துரைத்தது. அரசியல் கட்சிகள் சேனல் நடத்தக் கூடாது என்று 2014-இல் மறுபடி சொன்னது. அதற்குப் பிறகு, 2017 ஏப்ரலில், அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமத்தைக் கொடுத்தது மத்திய அரசுதான்.

அரசு கேபிளை நாளைக்கே மூடச் சொல்லவில்லை. மலிவான இணைப்பு ஏழைகளுக்கு வேண்டும். அதை நடத்தும் வாரியத்தில் ஆளும் கட்சிக்கு மட்டும் பொறுப்பான அதிகாரிகள் இருக்கக் கூடாது. எதிர்க்கட்சியின் ஆளும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், கேபிள்காரர்களின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். சேனல் வரிசையை என்ன அளவுகோலில் போடுகிறார்கள் என்று எழுதி வெளியிட வேண்டும். ஒரு சேனலை நிறுத்துவதானால் காரணத்தை எழுத்தில் தந்து மூன்று வாரம் முன்னறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது டிராயின் விதியிலேயே இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதற்காக அந்த விதியிலிருந்து விலக்கு எதுவும் இல்லை. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு வாக்குறுதியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.