முதலில் ஊகி, பிறகு வால்வைத் திற

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணிக்கு இயந்திரம் சுழற்றுவது பழகிய வேலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆர்வி சகோதரர்களின் பஞ்சாலையை அருவி நீரின் விசை ஓட்டியது. 1944இல் நீர்மின் நிலையம் வந்தது. இன்று அங்கே 4 இயந்திரங்கள். மொத்தத் திறன் 32 மெகாவாட். கார், பிசானப் பருவ நெல் சாகுபடிக்குப் போகும் நீர் வழியில் மின்சாரமும் தந்துவிட்டுப் போகிறது. அந்த நீரிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பது டர்பைனின் பயனுறுதிறனைப் பொறுத்தது. முழு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே 320 கிலோவாட் போய்விடும்.

இந்தப் பயனுறுதிறனை அளக்கக் கற்றுக்கொள்ளத்தான் பொறியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் பெல்டன் சக்கரம் என்ற டர்பைனின் முன் நிற்கிறார்கள். நீர்த்தாரையைக் கட்டுப்படுத்தும் ஸ்பியர் வால்வைத் திறந்து, பிரேக் டிரம்மில் சுமையேற்றி, பிரஷர் கேஜையும் டாக்கோமீட்டரையும் பார்த்து ரீடிங் எழுதுகிறார்கள். செய்முறை கையேட்டில் இருக்கிறது. கிராஃப் எப்படி வளைய வேண்டும் என்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. எதைக் கண்டுபிடிக்க அளக்கிறோம் என்ற கேள்வி எழாமலே சோதனை முடிந்துவிடுகிறது.

தேடல்வழிக் கற்றல் இந்த வரிசையை மாற்றுகிறது. வால்வைத் தொடுமுன் ஆசிரியர் கேட்கிறார்: சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, அவ்வளவு திறன் கிடைக்குமா? ஆம் என்றுதான் சொல்லத் தோன்றும். மாணவர் தன் ஊகத்தை எழுதிவைத்துவிட்டுக் கணினி மாதிரியில் சோதிக்கிறார். 50 மீட்டர் நீரழுத்தத்தில் பீச்சும் தாரை நொடிக்குச் சுமார் 31 மீட்டர் வேகத்தில் வருகிறது. சக்கரத்தை அசையாமல் பிடித்தால் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும், திறனோ பூஜ்யம். சுமையே இல்லாமல் விட்டால் சக்கரத்தின் கிண்ணங்கள் தாரையோடு சேர்ந்து ஓடுகின்றன. தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் அப்போதும் திறன் பூஜ்யம். தாரையின் வேகத்தில் பாதியளவில் கிண்ணம் நகரும்போதுதான் திறன் உச்சம் தொடுகிறது. ஊகம் பொய்த்தவருக்குச் சூத்திரத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆவல் தானாக வருகிறது.

அடுத்து நிஜச் சக்கரம். அங்கே உச்சம் பாதிக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடுகிறது. நாசிலிலேயே நீர் கொஞ்சம் வேகம் இழக்கிறது. சுழலும் சக்கரத்தைக் காற்றும் பேரிங்கும் பின்னிழுக்கின்றன. கணினி சொன்னதற்கும் கருவி காட்டியதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் பொறியியல் சிந்தனை தொடங்குகிறது. இழப்பு எங்கே, எவ்வளவு, எதைக் குறைக்க முடியும் என்று மாணவர் கேட்கத் தொடங்குகிறார்.

திரையில் கற்றது கைக்கு வருமா என்ற ஐயம் நியாயமானதே. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு நிஜ பல்பு, ஒயரோடு மின்சுற்றைப் பயின்றது. இன்னொரு குழு 'ஃபெட்' என்ற கணினி மாதிரியில் பயின்றது. பிறகு இரு குழுவினரிடமும் நிஜச் சுற்றை அமைக்கச் சொன்னார்கள். கணினியில் பயின்றவர்களே அமைப்பதிலும் விளக்குவதிலும் முந்தினார்கள். 2005இல் வெளியான இந்த ஆய்வு பேசியது தொடக்கநிலை மின்சுற்றைப் பற்றி மட்டுமே. கசியும் வால்வும் அதிரும் தண்டும் கற்றுத்தரும் பாடம் திரையில் கிடைக்காது. அதனால் கணினி முன்னே, கருவி பின்னே என்ற வரிசைதான் பொறியியலுக்குப் பொருந்தும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டத்தில் ஐஐடிகளும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் உருவாக்கிய நூற்றுக்கணக்கான சோதனைகள் இணையத்தில் இலவசம். ஆனால் அவற்றையும் படிப்படியாகச் சொடுக்கி முடித்தால் பழைய கையேடு திரைக்கு இடம் மாறியதாகவே ஆகும். மாணவரைத் தனியே விட்டாலும் திசை தெரியாமல் திணறுவார். நல்ல கேள்வியைத் தந்து, ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லி, இடையிடையே வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும்.

நெல்லை வட்டாரக் கல்லூரிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆய்வகத்தில் எழுந்த கேள்விகளோடு பாபநாசம் நிலையத்துக்கு 'ஐவி' எனும் தொழிலகப் பார்வைக்குப் போனால், அங்குள்ள பொறியாளர்களிடம் கேட்க மாணவர்களுக்கு நிறைய இருக்கும். மதிப்பெண் முறையும் கூடவே மாற வேண்டும். முன்கூட்டி எழுதிய ஊகத்துக்கு ஒரு பங்கு, ரீடிங் ஏன் விலகியது என்ற விளக்கத்துக்குப் பெரும்பங்கு என்று வைத்தால், அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதும் தேவையே இருக்காது.