சட்டப் பரீட்சையும் தோட்டத்து மாணவரும்

சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்று இலங்கை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஊவா மாகாணத்தில் நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்திலேயே பேணப்பட்டாலும், வழக்கின் தரப்பினர் ஒருவர் தமிழில் பங்குபற்றவும் உரைபெயர்ப்பைப் பெறவும் அதே உறுப்புரை உரிமை அளிக்கின்றது. ஆயினும் பதுளையிலோ பண்டாரவளையிலோ நீதிமன்றப் படியேறும் தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுரிமை பயன்பட வேண்டுமாயின், அதைக் கேட்டுப் பெற்றுக் கொடுப்பதற்கு அவரது மொழியையும் வாழ்வையும் அறிந்த சட்டத்தரணி ஒருவர் வேண்டும். ஆகவே பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து சட்டக் கல்வியை நாடும் மாணவரின் வெற்றி தோல்விகள் அவரவர் குடும்பத்தோடு முடிந்துவிடும் விடயங்கள் அல்ல.

சட்டத்தரணியாவதற்கு இரு பாதைகள் உள்ளன. ஒன்று பல்கலைக்கழகச் சட்டப் பட்டம். மற்றையது 1874இல் தொடங்கப்பட்டு, கொழும்பு புதுக்கடையில் இயங்கிவரும் இலங்கைச் சட்டக் கல்லூரி. பட்டதாரிகளும் இறுதியில் இக்கல்லூரியின் பரீட்சைக்குத் தோற்றியே ஆகவேண்டும். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சட்டபீடம் இல்லை. சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையோ மொழித்திறன், பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் கடும் போட்டிப் பரீட்சை. கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு வழிசெய்த ஒழுங்குவிதியை 2023 மார்ச் மாதத்தில் பாராளுமன்றம் நிராகரித்தது. தமிழில் எழுதும் வாய்ப்பு இவ்வாறு காக்கப்பட்டது. வாய்ப்பைப் பயன்படுத்தும் வழி என்ன என்பதே இப்போதைய கேள்வி.

கொழும்பில் தங்கி, பணம் செலுத்தி வகுப்புகளுக்குச் சென்றாலொழியத் தேற முடியாது என்ற எண்ணம் மலையகத்தில் பலரிடம் உண்டு. வகுப்புகளால் பயனில்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்கள் மிகுந்த பயனுடையவை எனக் கண்ட முறைகள், பணத்தை வேண்டி நிற்பவை அல்ல.

அவற்றுள் முதலாவது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்துக்கொண்டேயிருந்த மாணவர்கள் ஒரு வாரத்தின் பின் அதில் 40 வீதமளவையே நினைவுகூர்ந்தனர். ஓர் அமர்வில் வாசித்து, மற்றைய மூன்றிலும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ 61 வீதத்தை நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மட்டும் வாசித்துக்கொண்டிருந்தவர்களே முன்னின்றனர். மீண்டும் மீண்டும் வாசிப்பதால் வரும் நம்பிக்கை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இது சான்று. வரிகளுக்குக் கீழே கோடிட்டு வாசிப்பதையே படிப்பென்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கால இடைவெளி விட்டுப் படிப்பது. கற்றது நாளடைவில் எவ்வாறு மறந்துபோகின்றது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டினார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து மணிநேரம் படிப்பதைவிட, ஐந்து நாட்களில் ஒவ்வொரு மணிநேரம் படிப்பது மேலானது. நீண்டநேர அமைதி கிட்டாத லயன் அறைக்கும் இம்முறையே பொருந்தும். இன்று படித்ததை நாளையும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் மீட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தை ஒரு சம்பவத்தில் பொருத்திப் பார்ப்பது. கல்லூரியில் சேர்ந்தபின் இதுவே முதன்மையான திறன். உதாரணமாக, நாட்கூலித் தொழிலாளியான பெண்ணொருவர் 20 ஆண்டுகளும் 7 மாதங்களும் வேலை செய்தபின் தாமாகவே விலகுகின்றார். தாமாக விலகியவருக்குச் சேவைக்காலப் பணம் இல்லை என்கிறது தோட்ட நிர்வாகம். இங்கு பிரச்சினை, விலகல் உரிமையைப் பறிக்குமா என்பது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் ஐந்தாண்டுகளைப் பூர்த்திசெய்தவருக்கு, வேலை எவ்வகையில் முடிவுற்றாலும் பணிக்கொடை உண்டு. நாட்கூலி பெறுபவருக்குப் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். எனவே இவருக்குரியது 280 நாட் சம்பளம். அது 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பிரச்சினை, சட்டவிதி, பொருத்தம், முடிவு என்னும் இந்த ஒழுங்கில் நாளொன்றுக்கு ஒரு விடை எழுதிப் பழகலாம்.

வாழ்வோடு பிணைந்த செய்தி எளிதில் மறப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டம் பயில்வோர் கற்கும் கோடகன்பிள்ளை வழக்கில், மலையக மக்களைப் பாதித்த குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் செல்லுபடியாகும் என்று கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. பாட்டன் பாட்டி வாக்கிழந்த கதையைக் கேட்டு வளர்ந்த மாணவருக்கு அது வெறும் பாடக்குறிப்பாக இருக்க முடியாது.

இவற்றோடு, கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதுதல் வேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் புறக்கணித்தலும் ஆகாது. தமிழில் பரீட்சை எழுதலாம். ஆனால் பதுளையில் வழக்காடுபவர் சிங்களப் பதிவுகளை வாசித்தாக வேண்டும்.

தனியாகச் செய்ய முடியாதது ஒன்றுண்டு. எழுதிய விடையின் பிழையை எடுத்துக்காட்ட இன்னொருவர் வேண்டும். மலையகத்திலிருந்து சென்று இன்று கறுப்பு அங்கி அணிந்திருப்போர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பதுளை, பண்டாரவளைப் பாடசாலை மண்டபங்களில் அமர்ந்து இம்மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுப்பார்களாயின், அது எந்தப் பாராட்டு விழாவிலும் பயன்மிக்க பணியாக அமையும்.