‘ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்றால் என்ன?

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், ரங்கநாதர் பள்ளிகொண்ட குன்றைச் சுற்றிப் பாறையும் புதருமாகக் கிடக்கும். உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் பொடி உண்ணிகளுக்கு இப்படிப்பட்ட புதர்க்காடுதான் தோது. மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் கூடுதலாக வரும்.

ஆடு மேய்ப்பவர் ஒருவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தை எலிசா பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். சீட்டில் ‘ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்று வருகிறது.

ஐஜிஎம் என்பது ஓர் ஆன்டிபாடி; தமிழில் எதிர்ப்பொருள். கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம் இது. வடிவத்தில் உண்டிவில்லின் கவட்டை மாதிரி. இரு நுனிகளும் கிருமியைக் கவ்வும். அடிக்காம்பு, கிருமியை விழுங்கும் அணுக்களுக்குப் பிடி கொடுக்கும். எதிர்ப்பொருளில் ஐந்து வகை உண்டு.

ஐஜிஎம்: முதலில் களமிறங்குவது. ஐந்து கவட்டைகள் அடிக்காம்பில் இணைந்து, பத்து நுனிகளோடு இருக்கும். பிடி தளர்வுதான், ஆனால் பத்து பிடி.

ஐஜிஜி: சற்றுப் பிந்தி வரும், இறுகப் பிடிக்கும். ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளில் முக்கால் பங்கு இதுவே. நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து கருவுக்குப் போவதும் இது ஒன்றுதான்.

ஐஜிஏ: கண்ணீர், எச்சில், குடல் சளி ஆகியவற்றில் வாசல் காவல். சீம்பாலில் நிறைய இருக்கும். பிறந்ததும் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐஜிஈ: குடற்புழுக்களை எதிர்க்க உதவுவது. மகரந்தத்தையும் தூசியையும் எதிரியாக எண்ணிவிட்டால் தும்மலும் தடிப்பும் வரும்.

ஐஜிடி: பெரும்பாலும், எதிர்ப்பொருளைச் செய்யும் பி அணுக்களின் மேற்பரப்பில் இருந்து, கிருமியை அடையாளம் காண உதவும்.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். ஐஜிஎம் இருந்தால் தொற்று அண்மையில் வந்தது என்று பொருள். ஐஜிஜி மட்டும் இருந்தால் அது பழைய தொற்றாகவும் இருக்கலாம். இதில் இரண்டு சிக்கல்கள். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே சோதித்தால், ஐஜிஎம் ஊறியிருக்காது. ‘நெகட்டிவ்’ என்று வரலாம். காய்ச்சல் தீர்ந்து மாதக்கணக்கான பிறகும் சிலருக்கு ‘பாசிட்டிவ்’ காட்டும்.

அதனால்தான் மருத்துவர் சீட்டை மட்டும் நம்புவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பக்கம் தேடிப் பார்ப்பார். பீடி நெருப்பால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால், அது உண்ணி கடித்த இடம். வலிக்காது, ஆகவே கடிபட்டவருக்கே தெரிந்திருக்காது. அதைக் கண்டால், எலிசா முடிவு வரும்வரை காத்திராமல் டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். புதர்ப்பக்கம் போய்வந்தவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.