கைப்பேசியில் ஓடும் விலையும் களத்தில் கிடைக்கும் விலையும்

விளைவிப்பவருக்கும் நெய்பவருக்கும் விலைநிலவரம் அறிந்திருத்தல் இன்றியமையாதது என்பதை யாவரும் ஒப்புவர். தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்றவே 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. அன்று விற்பனைக்கூடத்துப் பலகையில் எழுதப்பட்ட விலை, இன்று ஒவ்வோர் அங்கத்தினரின் சட்டைப்பையிலும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கிறது. இது நன்மையே. ஆயினும், பலகையைப் படிக்கக் கற்றதுபோல் இந்த விலையையும் படிக்கக் கற்றாக வேண்டும்.

மக்கள் அளவளாவுவதற்கென எழுந்த சமூக வலைத்தளங்களே இப்போது விலைப்பலகைகளாகவும் ஆகிவருகின்றன. முன்னர் டுவிட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில், டாலர் குறியுடன் ஒரு நிறுவனத்தின் சுருக்கப் பெயரைத் தொட்டால் அதைப் பற்றிய பேச்சுகளெல்லாம் திரண்டு வரும் வசதி 2012-இல் ஏற்பட்டது. 2022 டிசம்பரில், அப்பெயரைத் தேடுவோருக்கு விலை ஏற்ற இறக்கத்தின் வரைபடத்தையும் அத்தளம் காட்டத் தொடங்கியது. இவ்வாறு விலையும் வதந்தியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. விலை மெய்யாக இருப்பதால் அருகிலுள்ள பேச்சும் மெய்யென்று தோன்றிவிடுகிறது. இடர் இங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பொருளின் விலை?

மங்களூர் வட்டாரத்தில் மக்காச்சோளத்துடன் பருத்தியும் பயிராகிறது. "கைப்பேசியில் பருத்தி ஐம்பதாயிரத்துக்கு மேல் காட்டுகிறதே, இங்கு ஏழாயிரம்தானா?" என்று அங்கத்தினர் ஒருவர் கேட்டால் அவர்மீது குறைகூற இயலாது. கைப்பேசி காட்டுவது பெரும்பாலும் கொட்டை நீக்கிய பஞ்சின் விலை. அதுவும் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிக்கு உரியது. நாம் விற்பதோ கொட்டையுடன் கூடிய பருத்தி. அதன் விலை குவிண்டாலுக்கு உரியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். கேண்டி ஒன்று 54,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், பஞ்சு கிலோவுக்குச் சுமார் 152 ரூபாய் ஆகிறது. ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ 34 கிலோ பஞ்சு கிடைக்கும்; அதன் மதிப்பு சுமார் 5,160 ரூபாய். எஞ்சும் பருத்திக்கொட்டையின் விலையை இதனுடன் கூட்டி, அரவைக்கூலியையும் வண்டிவாடகையையும் கழித்தால் வருவதே நம் பருத்தியின் மதிப்பு. நியூயார்க் விலையானால் அது பவுண்டு ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்றிருக்கும். பவுண்டு என்பது 454 கிராம்கூட முழுமையாக இல்லை. மேலும் அது சில மாதங்கள் கழித்து ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கான முன்பேர விலையாகும்.

எந்தத் தரம்?

திரையிலுள்ள விலைக்கு ஈரமும் இல்லை, தூசும் இல்லை. நம் மூட்டையில் இரண்டும் உண்டு. 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை, நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். இந்தியப் பருத்திக் கழகம் இதனை 8 சதவீத ஈரத்துக்கே முழுமையாகத் தருகிறது. 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குவதில்லை. ஆகவே, விலை ஏறுமா என்று நாள் முழுதும் திரையைப் பார்த்திருப்பதைவிட, பருத்தியை ஒருநாள் நன்றாக வெயிலில் உலர்த்துவது கூடுதல் வருவாய் தரக்கூடும். நெசவாளர்களும் பஞ்சு விலை இறங்கியது கண்டு நூல் விலை மறுநாளே இறங்குமென எண்ணலாகாது. ஆலையில் இருக்கும் பஞ்சு முந்தைய விலைக்கு வாங்கியதாக இருக்கும்.

விலையா, பந்தயமா?

நியூயார்க்கிலிருந்து பம்பாய்க்குத் தந்திவழி வந்த பருத்தி விலைகளை வைத்து, ஒரு பொதிப் பஞ்சைக்கூடக் கண்டிராதவர்கள் முன்னாளில் பந்தயம் கட்டினார்கள். பின்னர் மட்கா எனப் பெயர்பெற்ற சூதாட்டத்தின் வேர் அதுவே. வணிகனுக்கு வழிகாட்ட வந்த செய்தி வேடிக்கை பார்த்தவனின் குடியைக் கெடுத்தது. இன்றும் அந்த ஆபத்து நீங்கவில்லை. பங்குகளின் முன்பேர, விருப்பவுரிமை வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் செபி வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. பங்குச்சந்தைக் கல்வி மட்டுமே அளிப்பதாகக் கூறுவோர் கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசலாகாது என்று 2025 ஜனவரியில் அவ்வாரியம் சுற்றறிக்கையும் விடுத்தது. ஓடும் விலையைக் காட்டிக் கற்பிப்பது, "வாங்கு" என்று கூறாமலே வாங்கத் தூண்டுவதாகும் என்பதே இதன் கருத்து.

நாம் செய்யத்தக்கவை

எந்த விலையைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்போமாக: எந்தப் பொருளுக்கு, எவ்வளவுக்கு? எந்த ஊரில், எந்த நாளில்? இதைச் சொல்பவர் யார், இதனால் அவருக்கு வரும் இலாபம் என்ன? நம் விளைபொருளுக்கு 2016-இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையையும் 2018-இல் தமிழக அரசு அளித்த உழவன் செயலியையும் பார்ப்பது நலம். முன்பின் அறியாதவர் குழுவில் சேர்த்து, "இன்றே பணம் அனுப்புக" என்றால் அனுப்பாதிருப்போம். ஏமாந்துவிட்டால் நாணமின்றி உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்வோம்.

விலையை அறிவது ஒருவரால் ஆகும். நல்ல விலையைப் பெறுவது பலர் கூடினாலன்றி ஆகாது. ஐந்து மூட்டையுடன் தனியே நிற்பவருக்குத் திரை எந்த விலையைக் காட்டினும் பயன் சிறிதே. தரம் பிரித்து, எடையிட்டு, பலருடைய சரக்கை ஒன்றாக ஏலத்துக்குக் கொண்டுவரும் சங்கத்திற்கே பேரம் பேசும் வலிமை உண்டு. ஆகவே அங்கத்தினர்கள் கைப்பேசியில் கண்ட விலையைச் சங்கக் கூட்டத்திற்குக் கொண்டுவந்து வினவுமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம்.