போனக்காட்டு வழியில் ஒரு பூட்டு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைத் தேயிலைத் தோட்டமான போனக்காட்டுக்கு விதுரா வழியாகச் செல்கிறோம். விதுராவின் அஞ்சல் குறியீட்டு எண் 695551. அதன் முதல் மூன்று இலக்கங்கள் திருவனந்தபுரத்தைக் குறிப்பன. முகவரியின் இறுதியில் நாம் எழுதும் இவ்வெண்ணைக் கணித நோக்கில் ஆராய்ந்தால், இணையவழி வங்கிச் சேவையைக் காக்கும் பூட்டின் அமைப்பு விளங்கும்.

இறுதி இலக்கம் 1 ஆதலால் இது ஒற்றைப்படை எண். 5 ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 31. அது 3 ஆல் வகுபடாமையால் இவ்வெண்ணும் வகுபடாது. 7, 11, 13 எனப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால், 53 வரை மீதி வந்துகொண்டே இருக்கும். இதுவும் பகா எண்ணோ என்று ஐயுறும் வேளையில், 17ஆம் பகா எண்ணான 59 மீதியின்றி வகுக்கிறது:

59 × 11789 = 695551

11789 ஒரு பகா எண். ஆகவே 695551, இரு பகா எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்ட பகு எண். தன்னையொழிந்த வகுத்திகளான 1, 59, 11789 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 11849. அது எண்ணைவிடக் குறைவாதலால் இது குறைவெண் வகையையும் சாரும்.

59ஐயும் 11789ஐயும் பெருக்க ஒரு நிமிடம் போதும். பெருக்கற்பலனிலிருந்து அவற்றைக் கண்டறிய 17 முறை வகுக்க வேண்டியதாயிற்று. இந்த ஏற்றத்தாழ்வே 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் வகுத்த ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையின் அடித்தளம். அதில் இன்று பரவலாக வழங்கும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். 250 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ. எண் ஒன்று 2020இல்தான், பல கணினிகளின் கூட்டுழைப்பால் பகுக்கப்பட்டது.

ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாக, ஐயமின்றி அறியும் வழிமுறையைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002இல் அளித்தனர். எனினும் அது பகு எண்ணின் காரணிகளைக் காட்டிக்கொடுப்பதில்லை. பூட்டு உறுதியாகவே நிற்கிறது.

ஆனால் எத்துணை உறுதியான பூட்டாயினும், திறவுகோலை நாமே பிறரிடம் நீட்டினால் பயனில்லை. 617 இலக்க எண்ணைப் பகுப்பதைவிட, தொலைபேசியில் நம்மிடம் ஆறிலக்க ஓ.டி.பி.யைக் கேட்டுப் பெறுவது மோசடிக்காரருக்கு எளிது. அதனை எவர் கேட்பினும், வங்கி அலுவலர் என்றே கூறினும், சொல்லாதிருப்போம்.