குட்டைகளுக்கு விரிப்பு இடுதல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் முதலிய கிராமங்கள் அடங்கிய பிரதேசம் பூர்வீகமாக ஏரிகளை நம்பிய பூமியாகும். வருஷ மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்து விடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளில் மிஞ்சிய ஜலம் செம்பரம்பாக்கம் ஏரியைப் போய்ச் சேருகிறது. 1990-களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பின்னர் ஒரகடத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் ஏற்பட்டுப் பல நிலங்கள் கைமாறியுள்ளன. நிலத்தை விடாது வைத்திருக்கும் குடியானவர்களில் பலர் சிறு பரப்பில் காய்கறி, பூ, தென்னை முதலியவற்றைப் பயிர் செய்து, கிணற்றையும் வீட்டுக்கருகில் வெட்டிய குட்டையையும் கொண்டு கோடையைக் கடத்த முயலுகின்றனர்.

கார்த்திகையில் நிரம்பிய குட்டை மாசியில் வற்றிப் போகிறது என்பது இவர்களிடையே பொதுவான குறையாகும். உடனே பாலிதீன் விரிப்பு வாங்கிப் போடுவதே பரிகாரம் என்று பலர் எண்ணுகின்றனர். விரிப்பு நல்ல சாதனமே. எனினும் எல்லாக் குட்டைக்கும் அது வேண்டியதில்லை. வேண்டிய குட்டைக்கும் தக்கபடி தேர்ந்து, தக்கபடி இட்டு, ஆண்டுதோறும் கவனித்தாலன்றி அது பயன்படாது.

ஜலம் போகும் வழியை அறிதல்

குட்டை ஜலம் இரண்டு வழிகளில் குறைகிறது. ஒன்று வெயிலாலும் காற்றாலும் ஆவியாதல். மற்றொன்று மண்ணுக்குள் கசிதல். முன்னதை விரிப்பு தடுக்காது. ஆகையால் செலவு செய்யுமுன் இரண்டையும் பிரித்து அளந்து கொள்ள வேண்டும்.

இதற்குச் செலவில்லாத முறை ஒன்றுண்டு. குட்டையில் அங்குலக் குறியிட்ட கோல் ஒன்றை நட்டு, அகன்ற வாயுள்ள பாத்திரமொன்றில் தண்ணீர் நிரப்பி, அதன் பெரும்பகுதி குட்டை ஜலத்தில் அமிழ்ந்திருக்கும்படி கரையோரத்தில் நிறுத்த வேண்டும். மழையில்லாத ஐந்து நாட்கள், குட்டையிலிருந்து இறைக்காமலும் அதற்கு விடாமலும் இருந்து, இரண்டிலும் குறைந்த அளவைக் குறிக்க வேண்டும். பாத்திரத்தில் குறைந்தது ஆவியாகப் போனது. குட்டையில் அதற்கு மேல் குறைந்ததே கசிவு.

உதாரணமாக, பாத்திரத்தில் நாளொன்றுக்கு கால் அங்குலமும் குட்டையில் ஓர் அங்குலமும் குறைந்தால், முக்கால் அங்குலம் கசிவாகும். ஜலப்பரப்பு 37 அடி சதுரமாயின், நாள்தோறும் ஆவியாவது சுமார் 800 லிட்டர். மண்ணில் இறங்குவது சுமார் 2,400 லிட்டர். இத்தகைய குட்டைக்கு விரிப்பு இடுதல் நியாயமே. இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பின், விரிப்பால் ஒரு குடம் தண்ணீரும் மிஞ்சாது. அங்கே குட்டையின் ஆழத்தை அதிகரித்துப் பரப்பைச் சுருக்குவதும், மேல்காற்றைத் தடுக்கக் கரைக்கு அப்பால் வேலி மரங்கள் வைப்பதுமே தக்கவை.

விரிப்பு இடத்தகாத குட்டைகள்

கசியும் ஜலம் முழுவதும் நஷ்டமென்று கருதலாகாது. கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் உள்ள குட்டையில் கசியும் தண்ணீர் பெரும்பாலும் அக்கிணற்றிலேயே ஊறுகிறது. அத்தகைய குட்டைக்கு விரிப்பு இட்டால், மேலே ஜலம் நிற்கும். கீழே கிணறு வறளும். எனவே இரண்டு குட்டைகள் உள்ளவர் மேட்டுக் குட்டையைக் கிணற்று ஊற்றுக்காக வெறும் மண்ணாகவே விட்டு, பயிருக்கருகில் உள்ளதற்கு மட்டும் விரிப்பு இடுவது உசிதம்.

மகாராஷ்டிர மாகாணத்தில் திராட்சை, வெங்காயம் பயிரிடுவோர் ஏராளமான குட்டைகளுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு இட்டுள்ளனர். அவற்றில் பல மழை ஜலத்தால் நிரம்பாமல், ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்த தண்ணீரால் நிரப்பப்படுகின்றன. பூமிக்குள் ஆவியாகாமல் இருந்த ஜலத்தை எடுத்து வெயிலில் வைப்பதால், சொந்தக்காரருக்கு அவசரத்துக்கு உதவினாலும், ஊருக்கு நிகர நஷ்டமே உண்டாகிறது. விரிப்பிட்ட குட்டை மழை ஜலத்திற்கே உரியது என்பதை இதனால் உணரலாம்.

களிமண் பூச்சு

பூகர்ப்ப சாஸ்திரிகள் ‘ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம்’ என்று இவ்வூரின் பெயராலேயே வழங்கும் களிப்பாறை, மணற்பாறை அடுக்குகள் இப்பக்கத்தில் உள்ளன. இதனால் ஒரே கிராமத்தில் ஒரு வயலில் சரளையும் அடுத்த வயலில் பிசுபிசுப்பான களியும் காணப்படலாம். வெட்டிய மண்ணை ஈரமாக்கிப் பென்சில் பருமனுக்கு உருட்டி வளையமாக வளைக்க வேண்டும். வெடிக்காமல் வளைந்தால் அம்மண்ணே குட்டைக்குப் போதிய பூச்சாகும்.

களிமண்ணைக் கட்டி உடைத்து, நனைத்து, நான்கு அங்குலக் கனமுள்ள மூன்று படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் மாடுகளைக் கொண்டு மிதிப்பித்தோ உருளை ஓட்டியோ இறுக்க வேண்டும். இப்பூச்சு காய்ந்தால் வெடிக்கும். ஆகையால் ஆண்டு முழுவதும் அடியில் ஒரு சாணாவது ஜலம் நிற்கும் குட்டைக்கே ஏற்றது. ஏரிகளின் வண்டலையும் களியையும் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தாசில்தாரே அனுமதி வழங்குமாறு தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் விதிகளைத் திருத்தியுள்ளது. கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

விரிப்பு வகைகள்

களி கிடைக்காத சரளை, மணல் பூமிக்கே பின்வரும் விரிப்புகளில் ஒன்றைத் தேட வேண்டும்.

1. உயர் அடர்த்திப் பாலிதீன் நெசவு விரிப்பு. நெய்த துணியின் இருபுறமும் பாலிதீன் பூசப்பட்டது. பண்ணைக் குட்டைகளுக்குப் பெரும்பாலும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனமுள்ளதே இடப்படுகிறது. இதற்கு இந்தியத் தர நிர்ணயம் 15351 என்ற எண்ணில் உள்ளது. வாங்கும்போது அவ்வெண்ணையும் கனத்தையும் பட்டியலில் எழுதி வாங்க வேண்டும்.

2. தாழ் அடர்த்திப் பாலிதீன் தாள். விலை குறைவு. வெயில் படாதபடி ஓரடி மண்ணால் மூடினால் உழைக்கும். திறந்து விட்டால் விரைவில் நொறுங்கும்.

3. செயற்கை ரப்பர் விரிப்பு. மிகவும் நெகிழ்ந்து கொடுக்கும், வெயிலையும் தாங்கும். விலை அதிகம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். ஆகையால் லாரி நிறுத்துமிடம், சாலை ஆகியவற்றிலிருந்து ஜலம் ஓடி வரும் இடத்திற்கு உதவாது.

4. பி.வி.சி. விரிப்பு. ஒட்டுவது எளிது. வெயிலில் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

திறந்த குட்டைக்குக் கறுப்பு நிறமே சிறந்தது. அதில் கலந்துள்ள கரித்தூள் வெயிலின் கேட்டைத் தடுக்கிறது. தொழிற்சாலைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விளம்பரப் பதாகைகளையும், மூட்டைச் சிப்பத் தாள்களையும் குட்டைக்கு இடுவது சிக்கனமன்று. அவை ஜலத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையல்ல. முன்பு எந்த ரசாயனத்தைச் சுற்றியிருந்தன என்பதும் தெரியாது. மீனுக்கும் மாட்டுக்கும் உதவும் குட்டையில் அவை கூடவே கூடாது.

அளவு கணித்தல்

மேல்வாய் 40 அடி சதுரம், ஆழம் 6 அடி, சரிவு ஓரடி இறக்கத்துக்கு ஒன்றரை அடி என்று கொள்வோம். பக்கத்துக்கு 9 அடி வீதம் குறைந்து, அடித்தளம் 22 அடி சதுரமாகும். சரிவின் நீளம் சற்றேறக்குறைய 11 அடி. கரையில் ஓரடி, பதிக்கும் வாய்க்காலுள் இறங்க ஒன்றரை அடி, அதன் அடியில் மடிக்க அரை அடி, ஆகப் பக்கத்துக்கு 3 அடி. எனவே 22-உடன் இருபுறச் சரிவு 22, இருபுறப் பதிப்பு 6 சேர்த்தால் 50 அடி. வேண்டிய விரிப்பு 50 அடி சதுரம், அதாவது 2,500 சதுர அடி. ஓரடி வெறுங்கரை விட்டு நிரப்பினால் அதில் சுமார் ஒன்றேகால் லட்சம் லிட்டர் நிற்கும். மேல்வாயின் அளவைக் கொண்டு மட்டும் விரிப்பு வாங்கினால் பக்கத்துக்கு 5 அடி குறைந்து போகும். குட்டையை வெட்டி முடித்து, நூலைச் சரிவோடு ஒட்டிப் பிடித்து அளந்த பின்னரே விரிப்புக்குச் சொல்ல வேண்டும்.

இடும் முறை

கல், வேர், கட்டை யாவற்றையும் அகற்ற வேண்டும். கோரைக் கிழங்கு தாளைக் குத்தி மேலே வரும். சீமைக் கருவேலின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். இரண்டையும் கிழங்கோடும் வேரோடும் தோண்டி எடுத்தாலன்றி விரிப்பு இடலாகாது. எலி வளையையும் நண்டு வளையையும் களியால் இறுக அடைக்க வேண்டும். பிறகு சலித்த மணலையோ மென்மண்ணையோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பிச் சமன் செய்ய வேண்டும். வைக்கோல் பரப்பக் கூடாது. அது மக்கி வாயு உண்டாக்கி விரிப்பைத் தூக்கும்.

விரிப்பைக் காலை வேளையில், காற்றில்லாதபோது, செருப்பின்றி நடந்து விரிக்க வேண்டும். இழுத்துக் கட்டாமல் சிறிது தளர்வாகவே விட வேண்டும். இல்லையேல் குளிரில் சுருங்கும்போது மூலைகளில் கிழியும். கரையிலிருந்து ஓரடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் சுற்று வாய்க்கால் வெட்டி, குட்டையில் பாதி ஜலம் ஏறி விரிப்பு அமர்ந்த பின்பு ஓரங்களை அதில் இறக்கி மண்ணிட்டுக் கெட்டிக்க வேண்டும். ஜலம் விழும் வாயில் இரட்டை விரிப்பும், அதற்கு முன்னால் வண்டல் தங்கும் சிறு குழியும் அவசியம். ஜலம் மிஞ்சினால் கரையை அரிக்காமல் வெளியேற ஒரு போக்கு வைக்க வேண்டும்.

பராமரிப்பு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரியடி நிலங்களில் நிலத்தடி ஜலம் மேலெழும்பும். அப்போது குட்டை வெறுமையாயிருந்தால், அடியிலுள்ள ஜலம் விரிப்பைப் பந்துபோல் தூக்கிக் கிழிக்கும். ஆகவே மழைக்காலத்தில் குட்டையை முற்றும் இறைத்தல் ஆகாது. வண்டல் எடுப்பதாயின் வைகாசி, ஆனி மாதங்களே தகுந்தவை. அதற்கும் மண்வெட்டி ஆகாது, மரப்பலகையும் கூடையுமே வேண்டும்.

ஜலம் விரைவாகக் குறைந்து ஒரு மட்டத்தில் நின்று விட்டால், ஓட்டை பெரும்பாலும் அம்மட்டத்திலேயே இருக்கும். சுற்றிலும் அக்கோட்டைத் தடவிப் பார்த்தால் அகப்படும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறங்குலம் மிகும்படி அதே வகை விரிப்புத் துண்டை வைத்து ஒட்ட வேண்டும். ரப்பருக்கும் பி.வி.சி.க்கும் அவற்றுக்குரிய பசை உண்டு. பாலிதீனைச் சாதாரணப் பசை பிடிக்காது. வெப்பக் காற்றால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். இதற்காக முதலிலேயே ஒரு கஜம் விரிப்பைச் சுருட்டி வைத்திருப்பது நன்று. உழைத்துத் தீர்ந்த விரிப்பை எரிக்காமல் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் சேர்க்க வேண்டும்.

உயிர்ச் சேதத்தைத் தடுத்தல்

இதுவரை கூறியவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மண் குட்டையில் விழுந்த குழந்தை கரையைப் பற்றி ஏற இடமுண்டு. ஈரமான பாலிதீனில் பாசியும் படிந்து விட்டால், நீந்தத் தெரிந்த ஆளும் ஏற முடியாது. ஆடும் கன்றும் அவ்வாறே. எனவே நான்கு பக்கமும் ஒவ்வொரு முடிச்சுக் கயிற்றைக் கரை முளையில் கட்டி அடித்தளம் வரை தொங்க விட வேண்டும். ஒரு பக்கத்தில் பழைய டயர்களைப் பிணைத்துப் படியாக இறக்கலாம். சுற்றிலும் நான்கடி உயரத்துக்குக் குறையாத வேலியும், பூட்டக் கூடிய படலும் வேண்டும். இச்செலவை விரிப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இதற்குப் பணமில்லையெனில் விரிப்பும் இட வேண்டாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஏரியின் வரத்துக் கால்வாயிலோ அதன் புறம்போக்கிலோ குட்டை வெட்டப்படாமல் பார்த்தல் ஒன்று. ஒருவர் குட்டைக்குத் திருப்பிய கால்வாய் ஊர் ஏரிக்கு நஷ்டமாவதோடு, பெருமழையில் வெள்ளத்தை வேறு வழியில் வீடுகளுக்குள் செலுத்தும். 1,900 குழியானாலும் 19 குழியானாலும் வேலியில்லாத விரிப்புக் குட்டையை வேலி இடும்படி செய்தல் மற்றொன்று.

புரட்டாசிக்குள் விரிப்பும் வேலியும் முடிந்த குட்டையே அவ்வருஷ மழையைப் பிடிக்கும். கோல் நட்டு அளக்கும் வேலையை மழையற்ற தை, மாசி நாட்களில் செய்து, களியா விரிப்பா என்பதைத் தீர்மானித்து, ஆனியில் குட்டையைத் திருத்தத் தொடங்குபவருக்கு அடுத்த பங்குனியில் பயிரைக் காக்கும் ஜலம் கையிருப்பில் இருக்கும்.